இழுப்பா, அமுக்கா?

(திருச்சியில் கட்டடக்கலை ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)



கட்டடத்தின் வடிவத்துக்கும் அதற்குள் ஓடும் விசைக்கும் என்ன உறவு, அதை மாணவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேசச் சொன்னார்கள். அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஏற்பாட்டாளர்களுக்கு என் மீது என்ன கோபமோ தெரியவில்லை. தூக்கம் வருகிறவர்கள் தாராளமாகப் பக்கத்திலிருப்பவர் தோளில் சாயலாம். சாய்ந்த தலை எதனால் விழாமல் நிற்கிறது என்று மட்டும் பிறகு கேட்பேன்.

நம் கல்லூரிகளில் இந்தப் பாடம் எப்படி நடக்கிறது? சிவில் மாணவனுக்கு எழுதிய பாடத்திட்டத்தில் பாதியை வெட்டிக் கட்டடக்கலை மாணவன் கையில் கொடுக்கிறோம். அவனும் மனப்பாடம் செய்கிறான். இருபுறமும் தாங்கிய பீமுக்கு டபிள்யூ எல் ஸ்கொயர் பை எட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். சரி தம்பி, அந்த பீம் வளையும்போது அதன் அடிப்பக்கம் என்ன ஆகிறது என்று கேளுங்கள். முழிப்பான். தவறு அவனுடையதா? எட்டால் வகுக்கச் சொன்னோம். எதை வகுக்கிறோம் என்று காட்டவில்லை. ஐந்து வருடம் முடித்து வெளியே போகிறவன், தான் வரைந்ததை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கொடுத்து, 'சார், இதை எப்படியாவது நிற்க வைத்துக் கொடுங்கள்' என்கிறான். அந்த 'எப்படியாவது' என்ற சொல்லில்தான் கட்டடத்தின் செலவும் அழகும் சேர்ந்து போகின்றன.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சூத்திரத்துக்கு முன்னால் ஒரு கேள்வியைப் பழக்குங்கள். எந்தக் கட்டடத்தின் முன்னால் நின்றாலும் கேட்கவேண்டிய கேள்வி: இங்கே எது இழுபடுகிறது? எது அமுங்குகிறது? இழுப்பா, அமுக்கா? கடப்பைக்கல் மேடையிலிருந்து கான்கிரீட் கூரை வரை இந்தக் கேள்விக்குத் தப்பியது எதுவும் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக, திருச்சியையும் திருவரங்கத்தையும் விட நல்ல ஆய்வுக்கூடம் எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை.

முதலில் கையால் தொடங்குவோம். ஒரு தென்னை ஈர்க்கு போதும். முழ நீளத்துக்கு ஒடித்துக்கொள்ளுங்கள். இரு முனையையும் பிடித்து இழுங்கள். அறுக்கவே முடியாது. அதே ஈர்க்கை மேசை மேல் நிறுத்தி, உச்சியில் ஒரு விரலால் அழுத்துங்கள். உடனே வில்லாக வளைந்து விலகிப் போகும். பொருள் அதே, தடிமன் அதே. இழுத்தால் வீரன், அமுக்கினால் கோழை! இப்போது ஈர்க்கைப் பாதியாக ஒடித்து மறுபடி அழுத்துங்கள். விறைத்து நிற்கும். நீளம் பாதியானால் வளைந்து விலகாமல் தாங்கும் பாரம் நான்கு மடங்கு. ஆய்லர் என்ற கணித மேதை 18ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த விதி இது. முதலில் ஈர்க்கைக் கொடுங்கள், ஆய்லரை அடுத்த வாரம் அழைத்து வரலாம்.

இந்த ஈர்க்குப் பாடத்தைப் பிரம்மாண்ட அளவில் பார்க்க வேண்டுமா? திருவெறும்பூர் பக்கத்து மாணவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்கள் ஊர் பெல் ஆலையில் அனல்மின் நிலையங்களுக்கான பாய்லர்கள் செய்கிறார்கள். அவ்வளவு பெரிய பாய்லரை மின் நிலையத்தில் எப்படி நிறுத்துவார்கள் என்று நினைக்கிறீர்கள்? நிறுத்துவதில்லை, தொங்கவிடுகிறார்கள்! சுற்றிலும் இரும்புத் தூண்களை எழுப்பி, உச்சியில் பெரிய கர்டர்களைப் போட்டு, அவற்றிலிருந்து கம்பித் தண்டுகளால் பாய்லரைத் தொங்கவிடுவார்கள். சூடேறினால் அது கீழ்நோக்கித் தடையில்லாமல் நீளும். தாங்குகிற தூண்களைப் பாருங்கள், எவ்வளவு பருமன்! தொங்கவிட்ட தண்டுகளைப் பாருங்கள், எவ்வளவு மெல்லிசு! பாரம் ஒன்றுதான். ஒன்று அமுங்குகிறது, மற்றது இழுபடுகிறது. உறுப்பின் உருவத்தைப் பார்த்தே உள்ளே ஓடும் விசையைச் சொல்லிவிடலாம்.

அடுத்தது பூமாலை. திருவரங்கத்தில் மாலைக்கா பஞ்சம்? இரண்டு ஆணியில் ஒரு மாலையைத் தொங்கவிடுங்கள். அது ஒரு வளைவை எடுத்துக்கொள்ளும். யார் சொல்லி எடுத்தது? தன் பாரம் சொல்லி எடுத்தது. நாரால் விறைத்து நிற்க முடியாது, அமுக்கத்தைத் தாங்க முடியாது, இழுப்பு ஒன்றுதான் தெரியும். ஆகவே இழுப்பு மட்டுமே மிஞ்சும் வடிவத்தில் போய் அமர்கிறது. அந்த வளைவை அப்படியே தலைகீழாக்கிக் கல்லில் கட்டினால்? இழுப்பெல்லாம் அமுக்கமாக மாறிவிடும். கல்லுக்குப் பிடித்ததோ அமுக்கம். இதை முதலில் கண்டு சொன்னவர் ராபர்ட் ஹூக். 1675இல் அவர் தன் கண்டுபிடிப்பை எழுத்துகளைக் கலைத்துப் போட்டுப் புதிராக அச்சிட்டார். யாரும் திருடிவிடக் கூடாது என்ற பயம். விடை அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. 1740களில் ரோம் நகரப் பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தில் விரிசல் கண்டபோது, போலேனி என்ற பேராசிரியர் ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டு, குவிமாடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஏற்ற எடையை அதில் கோத்து, தலைகீழ்ச் சங்கிலி அந்தக் கட்டுமானத்தின் தடிமனுக்குள்ளேயே அடங்குகிறதா என்று பார்த்தார். அடங்கியது. பார்சிலோனாவின் அந்தோனி கௌதி ஒரு தேவாலயத்துக்காக நூல்களிலும் ஈயக் குண்டுப் பைகளிலும் ஒரு முழு மாதிரியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வடிவம் தேடினார். அந்த ஒரு மாதிரிக்கே ஆண்டுக்கணக்கில் உழைத்தார். நாம் ஒரு செமஸ்டரில் ஒரு மாலையைத் தொங்கவிடக் கூடாதா?

இனி ஊருக்குள் போவோம். முதலில் அரங்கனின் ஆயிரங்கால் மண்டபம்.

பெயர் ஆயிரம், எண்ணிச் சொல்பவர்கள் 953 என்கிறார்கள். எண்ணிக்கையை விடுங்கள். ஏன் இத்தனை தூண்? பெருமைக்காகவா? பெருமையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அண்ணாந்து உத்தரத்தைப் பாருங்கள். அது கல். கருங்கல் அமுக்கத்தை எவ்வளவு தாங்குமோ அதில் பத்தில் ஒரு பங்கு, பல சமயம் அதற்கும் குறைவாகத்தான், இழுப்பைத் தாங்கும். உத்தரம் வளையும்போது மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். கல் உத்தரம் மேலே அல்ல, அடியில்தான் பிளக்கும். தூண் இடைவெளியை இரண்டு மடங்காக்கினால், உத்தரத்தின் கனம் மாறாத வரை, தன் பாரத்தாலேயே அதன் அடியில் ஏறும் இழுப்பு நான்கு மடங்கு. இடைவெளி மூன்று மடங்கானால் ஒன்பது. அகலமான உத்தரம் போட்டால் தப்பிக்கலாமா? முடியாது, அகலம் கூடினால் பாரமும் அதே அளவு கூடும். அப்படியானால் கல்லில் பெரிய கூடம் எழுப்ப நினைத்தவருக்கு என்ன வழி? தூண், இன்னும் தூண், மேலும் தூண். ஆயிரங்கால் மண்டபம் கல் சொன்ன கணக்கு.

இப்போது தூணின் தலைக்கு வாருங்கள். உத்தரம் நேரே தூண் மேல் உட்காரவில்லை. நடுவில் போதிகை இருக்கிறது. இருபுறமும் கை நீட்டி உத்தரத்தை ஏந்துகிறது. மாணவர்கள் அதன் தாமரை மொட்டை வரைவார்கள், வளைவை வரைவார்கள், பக்கம் பக்கமாக வரைவார்கள். நல்லது. கூடவே ஒரு சின்னக் கணக்கும் போடச் சொல்லுங்கள். தூணுக்குத் தூண் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். போதிகை ஒவ்வொரு பக்கமும் 2 அடி நீள்கிறது. மிச்சம் 6 அடி. பத்தின் வர்க்கம் 100, ஆறின் வர்க்கம் 36. போதிகை அசையாமல் நின்று ஏந்தினால், உத்தரத்தின் அடியில் இழுப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிட்டது! ஸ்தபதி வர்க்கம் போட்டாரா என்று கேட்பீர்கள். போட்டிருக்க வேண்டியதில்லை. எத்தனை உத்தரங்கள் பிளந்து, எத்தனை தலைமுறை அதைப் பார்த்து, இந்த இரண்டு கைகள் நீண்டன என்று நினைத்துப் பாருங்கள்.

இத்தோடு பேச்சை முடித்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதி மலைக்கோட்டையில் இருக்கிறது.

உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க மூச்சிரைக்க ஏறுகிறோமே, வழியில் ஒரு குடைவரை உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த லளிதாங்குர பல்லவேச்சுரம், 7ஆம் நூற்றாண்டு. அங்கேயும் தூண் இருக்கிறது. கீழே சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே சதுரம். அதன் தலையில் போதிகையும் இருக்கிறது. கேளுங்கள் நம் கேள்வியை! அந்தப் போதிகை எதைத் தாங்குகிறது? மேலே தனியாகத் தூக்கி வைத்த உத்தரமே கிடையாது. உத்தரம், தூண், போதிகை, தரை எல்லாம் ஒரே பாறை. யாரும் எதையும் எதன் மேலும் தூக்கி வைக்கவில்லை. வேண்டாததைச் செதுக்கி எடுத்தார்கள், வேண்டியது மிஞ்சியது. மேலே இருக்கும் மலை தன் பாரத்தைத் தனக்குள்ளேயே ஒரு வளைவாகத் திருப்பி இருபுறமும் இறக்கிக்கொள்ளும். தூணுக்குக் கொஞ்சம் பாரம் வரலாம். போதிகைக்கு அங்கே வேலை இல்லை. அது வெளியே மரத்திலும் செங்கல்லிலும் கட்டிய கட்டடங்களின் ஞாபகம்.

பொய்யா அது? நான் அப்படிச் சொல்லமாட்டேன். கட்டடத்துக்கு விசை மட்டும் மொழி இல்லை. நினைவும் ஒரு மொழி. ஆனால் மலைக்கோட்டைப் போதிகைக்கும் திருவரங்கத்துப் போதிகைக்கும் வித்தியாசம் தெரியாத மாணவன், நாளைக்கு ஜிப்சம் போர்டில் ஒரு ஆர்ச் செய்து கான்கிரீட் பீமுக்கு அடியில் ஒட்டிவிட்டு, அதுதான் பாரத்தைச் சுமக்கிறது என்று தானே நம்பிவிடுவான். ஒட்டட்டும். ஒட்டியது என்று தெரிந்து ஒட்டட்டும்.

மலையிலிருந்து இறங்கித் தெப்பக்குளத்தைத் தாண்டினால் லூர்து அன்னை ஆலயம். கோதிக் பாணி, கூரிய வளைவுகள். இங்கே தூண்காடு தேவைப்படவில்லை, ஏனென்றால் வளைவு கல்லையும் செங்கல்லையும் அமுக்கத்திலேயே வைத்திருக்கிறது. இலவசமாகவா? இல்லை. மேடைக்கு இரண்டு மாணவர்கள் வாருங்கள். எதிரெதிரே நின்று உள்ளங்கைகளைச் சேர்த்து, கால்களை மெல்லப் பின்னால் எடுங்கள். நீங்கள் இப்போது ஒரு வளைவு. கால் வழுக்குகிறதா? வழுக்கத்தான் செய்யும். வளைவு எப்போதும் காலை வெளியே தள்ளும். உங்கள் குதிகாலுக்குப் பின்னால் ஒரு நண்பர் தன் காலை வைத்தால் நிற்பீர்கள். அந்த நண்பர்தான் ஆலயத்தின் வெளிச்சுவரில் புடைத்து நிற்கும் முட்டுத்தூண். நன்றி, போய் உட்காருங்கள். கூரிய வளைவு அரைவட்டத்தை விடக் குறைவாகத் தள்ளும். ஏன் என்பதை உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள், அவருக்கும் வேலை வேண்டும்.

இப்போது ராஜகோபுரம். அச்சுத தேவராயர் காலத்தில் தொடங்கி, அடிப்பகுதியோடு நின்று, நூற்றாண்டுக் கணக்கில் மொட்டைக் கோபுரமாகக் கிடந்தது. அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் ஜீயர் 1979இல் பணியைக் கையிலெடுத்து, 1987 மார்ச் 25இல் குடமுழுக்கு நடந்தது. 13 நிலை, 236 அடி. ஒவ்வொரு நிலையும் கீழ்நிலையை விடக் குறுகும். ஏன் குறுக வேண்டும்? ஒரே தடிமனில் 236 அடிச் சுவர் எழுப்பினால் அடியில் ஏறும் அழுத்தம் ஒரு அளவு. அதையே நாலாபுறமும் கூம்பிக்கொண்டே போய் உச்சியில் புள்ளியாக முடித்தால் அடியில் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு. கோபுரம் முழுக் கூம்பு இல்லை, மேலே சாலை எனப்படும் நீண்டு வளைந்த கூரை வடிவில் முடிகிறது. ஆனாலும் போக்கு அதுதான். மேலிருந்து கீழ்வரை அமுக்கம், அமுக்கம், அமுக்கம். செங்கல்லுக்கு வேறென்ன வேண்டும்?

அப்படியானால் கோபுரம் எங்கே நோகும்? இதற்குப் பதிலைத் திருவரங்கமே 2023 ஆகஸ்டில் காட்டியது. கிழக்கு வாசல் கோபுரத்தில், முதல் நிலையில், ஒரு நள்ளிரவில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. தெரு வெறிச்சோடிக் கிடந்ததால் யாருக்கும் காயமில்லை. விழுந்தது எது? கோபுரமா? இல்லை. சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருந்த கொடுங்கை. நீட்டிய எதுவும் தன் பாரத்தால் கீழே தொங்கப் பார்க்கும். அப்போது அதன் மேல்முகம் இழுபடும். நிமிர்ந்து நின்ற சுவர் அமுக்கத்தில் இருந்தது, நின்றது. நீட்டியது இழுப்பில் இருந்தது, விரிசல் கண்டு விழுந்தது.

இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். நம் தெருவில் இன்று கட்டும் வீட்டின் பால்கனிக்கு வாருங்கள். சாதாரண ஸ்லாபில் இழுப்பு நடுவில் அடிப்பக்கம், ஆகவே கம்பி அடியில். பால்கனியில் இழுப்பு மேல்பக்கம், ஆகவே முக்கியக் கம்பி மேலே. கம்பி கட்டுபவர் சரியாகத்தான் கட்டியிருப்பார். காலையில் கான்கிரீட் போட ஆட்கள் வருவார்கள். சட்டி கைமாறும். அந்த மேல்கம்பி மீதே நடப்பார்கள். நாற்காலிக் கம்பி போதாமல், அது மெல்ல மெல்ல அமிழ்ந்து அடிக்கம்பியோடு போய்ப் படுத்துவிடும். மேலே கான்கிரீட் மூடிவிடும். வரைபடத்தில் எல்லாம் சரி, கணக்கில் எல்லாம் சரி. சென்ட்ரிங் பிரித்த அன்று, பால்கனி வீட்டோடு சேரும் வேரில் மயிரிழை விரிசல். மேஸ்திரி சிமெண்ட் பால் ஊற்றிப் பூசிவிடுவார். அந்த இடத்தில் நின்று, 'நடக்காதீர்கள், பலகை போடுங்கள்' என்று சொல்ல, இழுப்பு மேலே என்று எலும்பில் தெரிந்த ஒருவர் வேண்டும். சூத்திரம் தெரிந்தவர் அல்ல, தெரிந்த இடத்தில் வாயைத் திறப்பவர்.

விரிசல் என்று சொன்னேன். விரிசலைப் படிக்கவும் சொல்லிக்கொடுங்கள். விரிசல் எந்தத் திசையில் வாய் பிளக்கிறதோ, இழுப்பு அந்தத் திசையில். 2010 மே 26இல் காளத்தி ராஜகோபுரம் சரிந்ததே, அதற்கு முன்னால் அதன் உடலில் நெடுக்கு விரிசல் விரிந்துகொண்டே போனது. நெடுக்கு விரிசல் என்றால் கோபுரம் பக்கவாட்டில் பிரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

கடைசியாக மண்ணுக்கு வருகிறேன். விசை தூணின் அடியோடு முடிந்துவிடுவதில்லை. கொள்ளிடத்தில் 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலம் உங்களுக்கெல்லாம் தெரியும். 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தது, தூண்கள் இறங்கின, பாலம் உடைந்தது. பக்கத்தில் புதுப் பாலம் வந்துவிட்டதால் பழையதில் போக்குவரத்து இல்லை, பிழைத்தோம். மேலே இருந்த இரும்பு தோற்கவில்லை. தூணடி மணலை ஆறு அள்ளிக்கொண்டு போனது. தாங்க எதுவும் இல்லாத இடத்தில் எந்த வடிவம் என்ன செய்யும்? இதே மணலில்தான் கல்லணை நிற்கிறது. பாறையைத் தேடி ஆழமாகப் போகாமல், கற்களை மணலில் அமிழவிட்டு, அமிழ்ந்து நின்றதன் மேல் மீண்டும் அடுக்கிய கட்டுமானம் என்று அதை விளக்குவார்கள். அதைப் பார்த்து மணலில் அஸ்திவாரம் போடக் கற்றவர் ஆர்தர் காட்டன். 1830களில் முக்கொம்பில் மேலணை கட்டியபோது அந்தப் பாடம் அவருக்கு உதவியது.

பாலம் என்றதும் காவிரிப் பாலமும் நினைவுக்கு வரும், அதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். 2022இல் மூடி, 2023இல் திறக்கும் வரை திருவரங்கத்துக்காரர்கள் சுற்றிச் சுற்றிப் போன கோபம் இன்னும் ஆறவில்லை. தேய்ந்தது என்ன? இணைப்புகளும் தாங்கு பேரிங்குகளும். வெயிலில் பாலம் நீளும், இரவில் சுருங்கும். அசைய இடம் விடாத வடிவம் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். பாய்லரைத் தொங்கவிட்டார்களே, அதே காரணம்.

ஆசிரிய நண்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். முதல் செமஸ்டர் ஸ்ட்ரக்சர் தேர்வில் எண்ணே இல்லாத வினாத்தாள் ஒன்று வையுங்கள். பத்துப் படங்கள்: போதிகை, குடைவரை, கொடுங்கை, பால்கனி, பொன்மலைப் பணிமனைக் கூரை டிரஸ், பேருந்து நிறுத்தக் கூரை, இப்படி. இழுபடுவதற்குச் சிவப்பு, அமுங்குவதற்கு நீலம். கலர் பென்சிலால் தீட்டச் சொல்லுங்கள். போதும். யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். நம்மில் சிலருக்கே கை தயங்கும்.

இரண்டாவது, டிசைன் ஜூரி. மாணவன் மாதிரியை மேசையில் வைத்து விளக்கும்போது ஸ்ட்ரக்சர் ஆசிரியர் எங்கே இருக்கிறார்? ஸ்டாஃப் ரூமில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறார். அவரையும் கூப்பிட்டு ஒரு நாற்காலி போடுங்கள், மதிப்பெண் போடும் உரிமையையும் கொடுங்கள். ஒரே நிபந்தனை: கால்குலேட்டரை அவர் வெளியே வைத்துவிட்டு வரவேண்டும்.